யாராவது அவங்ககிட்ட சொல்லுங்கப்பா

நாற்பத்து நாலு வயதில் நான் ஐஸ் ஹாக்கி கற்றுக்கொள்ளப் போனதற்கு உடம்பு இளைக்க வேண்டும் என்பது காரணமில்லை. விளையாட்டு ஆசையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடும்போதுகூட என்னை உட்கார வைத்துவிட்டு மறந்துபோவார்கள். வீம்புதான் காரணம். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எல்லாக் குடும்பங்களிலும் இருப்பதுதான். காலையில் ரோஜாப்பூ, செவ்வாய்க்கிழமை முருகன், யாரோ ஒருவர் எங்கேயோ தொலைத்த மணிபர்ஸ், வெந்தயத் தண்ணீர் குடித்தால் தீரும் வியாதிகள். ஒரு நாள் என் கணவர் அதில் ஒரு விளம்பரத்தைத் தள்ளிவிட்டார். பெண்களுக்கான ஐஸ் ஹாக்கிப் பயிற்சி, வயது தடையில்லை, புதிதாகக் கற்பவர்கள் வரலாம். கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். அவருடைய அண்ணன் உடனே எழுதினார்: "நம்ம வீட்டுலயும் ரெண்டு பேர் சும்மாத்தான் இருக்காவ. அனுப்பிருவமா?" அதற்கு இவர் பதில்: "ஐஸ் தாங்காது."

ஐஸ் தாங்காதாம்! நான் அப்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுள்ளென்று ஏறியது. சும்மா இருக்கிறேனாம், ஐஸ் தாங்காதாம். தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் இந்த அண்ணன் தம்பி இருவருக்கும் வயிறு எங்கே முடிகிறது, கல்லாப்பெட்டி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வைக்க வேண்டும். இவர்கள் பேசுகிறார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அப்போதே பேசிப் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் எனக்கே தோன்றியது, மெட்ராஸில் ஐஸ் எங்கே இருக்கிறது? கரும்புச்சாற்றுக் கடையில் இருக்கிறது, மீன் மார்க்கெட்டில் இருக்கிறது. மற்றபடி இந்த ஊரில் குளிர் என்று நாங்கள் சொல்வது மார்கழிக் காலையில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்பதைத்தான். போனில் பேசிய பெண் விளக்கினாள். முதலில் பார்க்கில் உள்ள ஸ்கேட்டிங் தளத்தில் சக்கரம் வைத்த ஷூவில் பழக வேண்டும். அடியில் நாலு சக்கரம் ஒரே வரிசையில் இருக்கும், ஐஸில் போடும் கத்தி ஷூவுக்கு அது அண்ணன் தம்பி மாதிரி. நன்றாகப் பழகிய பிறகு நகரத்துக்கு வெளியே ஒரு மாலில் இருக்கும் சின்ன ஐஸ் தளத்துக்குக் கூட்டிப்போவாள். அவள்தான் கோச். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வடக்கே உறைந்த ஏரிகளில் ஆடிவிட்டு வந்தவள்.

அபிராமபுரத்திலிருந்து ஆழ்வார்பேட்டைப் பார்க்குக்கு நடந்தே போய்விடலாம். முதல் நாள் விடிந்தும் விடியாமலும் மகனுடைய பழைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு போனேன். தளத்தின் ஓரத்தில் ஒரு மைலாப்பூர் மாமி, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வைர மூக்குத்தி மினுங்க நின்றிருந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருக்கும் ஒருத்தி, "கடல்ல போட்டுல நிப்பேன், இதுல நிக்க மாட்டனா?" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர். சிமெண்ட் பெஞ்சில் குனிந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த ஒரு முதுகு.

அந்த முதுகை எனக்குத் தெரியும். பல வருடம் ஒரே சமையலறையில் அதற்கு இந்தப் பக்கம் நின்று தேங்காய் துருவியிருக்கிறேன். அது என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. வீட்டுக்கு மூத்த மருமகள் அவள், இளையவள் நான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி மலர்ந்து, பிறகு ஞாபகம் வந்து, ஷட்டரை இறக்கியது. எப்படி வந்தாள் என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள். "சும்மாத்தான் இருக்காவ" என்று எழுதியது அவள் புருஷன். அவளும் அன்றைக்கு ஏதாவது நறுக்கிக்கொண்டிருந்திருப்பாள்.

சண்டை என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் தி.நகர் வீட்டுக்கு நான் வந்தபோது எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் அபிராமபுரத்துக்கு மாறிய பிறகு அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் குங்குமச்சிமிழும் வெற்றிலைத் தட்டுமாக நேரில் போய் அழைத்தாள். எனக்கு மட்டும் அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழின் படம் வந்தது. அவ்வளவுதான். வீட்டு மனுஷிக்கு எதற்குத் தட்டும் குங்குமமும் என்பது அவள் கட்சி. வீட்டு மனுஷிக்கே வைக்காத குங்குமத்தை யாருக்கு வைத்து என்ன என்பது என் கட்சி. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. பிள்ளைக்குச் சித்தியே வரவில்லை என்று அவள் உடைந்துபோனாள். கல்யாணப் பத்திரிகை என் கணவரின் டிபன் பாக்ஸ் பையில் கடையிலிருந்து வந்து சேர்ந்தது. போனேன். விருந்தாளி மாதிரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, தாம்பூலப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், என் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்யாணத்தில் அவள் பக்கத்தில் நின்று ஆரத்தி கரைக்க முடியாத வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். போனால் வீட்டில் ஒருவர் சிரிப்பார். அவளும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். இருவரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டோம்.

முதல் வகுப்பில் கோச் பந்தையும் காட்டவில்லை, மட்டையையும் காட்டவில்லை. "இன்னிக்கு நாம விழக் கத்துக்கப் போறோம்" என்றாள்.

"அதுக்குக் கிளாஸ் வேணுமா? நேக்கு அது தானாவே வந்துண்டிருக்கே!" என்றாள் மாமி, தரையில் உட்கார்ந்தபடி.

விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சரிந்து, கையை ஊன்றாமல் விழ வேண்டும். நானோ ஒவ்வொரு முறையும் "முருகா" என்று கத்திக்கொண்டு நேர் பின்பக்கமாக உட்கார்ந்தேன். அடுத்த கட்டம் நாற்காலி. கல்யாண மண்டபத்தில் இருப்பது போன்ற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தளத்தைச் சுற்ற வேண்டும். நடைப்பயிற்சிக்கு வந்த தாத்தாக்கள் எல்லோரும் கம்பிக்கு வெளியே நின்று, பந்திக்கு நாற்காலி போடுவதை மேற்பார்வை பார்ப்பது போல் பார்த்தார்கள். ஒருவர், "கொஞ்சம் இடது பக்கம் ஒடிங்கோ" என்று யோசனை வேறு. மீன்கடைக்காரிதான் அவரை அடக்கினாள். "நைனா, நீ வந்து தள்ளிப் பாரு. அப்பால பேசு."

வீட்டுக்குப் போனால் உட்கார முடியாது. தைலம் தேய்த்துக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்திருப்பேன். "ஐஸ் தாங்கிச்சா?" என்பார் என் கணவர். தலையணை பறக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் நாற்காலியை விட்டுவிட்டேன், விழவில்லை. காற்று முகத்தில் அடித்தது. கால் தூக்காமலே உடம்பு முன்னால் போனது. யாருக்கும் எதையும் பரிமாறாமல், எந்த அடுப்பையும் அணைக்க வேண்டியிராமல், நான் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனேன். அட, இதற்காகவா உலகத்தில் இத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று இருந்தது. சந்தோஷத்தில் நிறுத்தத் தெரியாமல் நேராகப் போய்க் கம்பியில் மோதினேன்.

கொஞ்ச நாளில் கையில் மட்டை வந்தது. அடிப்பது பந்தை அல்ல, பக் என்கிற தட்டையான கறுப்பு வட்டை. கோச் ஒவ்வொருவருக்கும் இடம் பிரித்துக் கொடுத்தாள். மூத்தவள், "நான் ஓட மாட்டேம்மா. ஓரிடத்துல நிக்கச் சொல்லு, நிக்கேன்" என்றாள். கோல் காக்க நிறுத்தினார்கள். என்னவென்று சொல்வேன்! ஆடித் தள்ளுபடியில் கடைக்குள் பாயும் கூட்டத்தைப் பல வருடம் கல்லாவிலிருந்து சமாளித்தவள் அவள். எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் ஒரு கை நீண்டு பிடித்துவிடும். எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆனால் மற்றவர்கள் என்மேல் மோதினால் நிற்பார்கள் என்று கண்டுபிடித்த கோச், என்னைத் தற்காப்பில் போட்டாள். தற்காப்பு ஆட்டக்காரர் நிற்கும் இடம் கோலுக்கு நேர் முன்னால். அதாவது மூத்தவளுக்குக் கைக்கெட்டும் தூரம்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கணும்க்கா" என்றாள் கோச். "முன்னாடி நிக்கறவங்க மறைச்சா கோல் காக்கற கோலிக்குப் பக் தெரியாது. கோலிக்குத் தெரியாததை முன்னாடி நிக்கறவங்க சொல்லணும். பேச்சுதான் பாதி டிஃபென்ஸ்."

பேச்சுதான் பாதியாம். போச்சு.

எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் பேசிக்கொள்ள ஒரு வழி உண்டு. எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வது, பூனையிடம் சொல்வது, இல்லையென்றால் அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்வது. என் மாமனாரும் அவர் தம்பியும் ஒரு தீபாவளி சீசன் முழுக்கக் கல்லாப்பெட்டியைப் பார்த்தே பேசி வியாபாரம் பண்ணியவர்கள். "சில்லறை இல்லைன்னு யாரோ சொல்லலாம்ல?" என்பார் ஒருவர். "கேக்கிறவங்க கேட்டா சொல்லுவாங்க" என்பார் இன்னொருவர். அப்படிப்பட்ட வீட்டு மருமகள்கள் நாங்கள். வேறெப்படி இருப்போம்?

"யாரோ முன்னால மலை மாதிரி நின்னு மறைக்காவ" என்று மூத்தவள் வானத்தைப் பார்த்துச் சொல்வாள்.

"கண்ணாடி போட்டா மலைக்கு அந்தப் பக்கமும் தெரியும்னு யாராவது சொல்லுங்கப்பா" என்பேன் நான், மாமரத்தைப் பார்த்து.

அதற்குள் பக் உள்ளே போயிருக்கும்.

இந்த 'யாராவது' என்பது பெரும்பாலும் மீன்கடைக்காரிதான். அவளும் தற்காப்பில் எனக்குப் பக்கத்தில் நிற்பாள். ஆரம்பத்தில் உண்மையாகவே நம்பி, நான் சொன்னதை அப்படியே மூத்தவளிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மட்டையைத் தரையில் போட்டாள்.

"இன்னாமே இது? நான் இன்னா போஸ்ட்டுமேனா? அவங்க அங்க கீறாங்க, நீ இங்க கீற. நடுவுல ஒரு சாண் கூட இல்ல. நான் வாங்கி வாங்கிக் குடுத்துக்கினு கீறேன். எனுக்கு யாரு கோலு பாக்கறது?"

"சொல்றது சரிதான்னு சொல்லு" என்றாள் மூத்தவள் அவளிடமே, என்னைக் காட்டி. மீன்கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஹெல்மெட்டில் டொக்கென்று சத்தம் வந்தது.

தளத்தில் எல்லோரும் மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கோச் கூப்பிட்டாள், மீன்கடைக்காரி கூப்பிட்டாள், அவளைவிட மூத்த மாமியே வேடிக்கையாக அப்படிக் கூப்பிட்டாள். ஊருக்கெல்லாம் அக்கா. முதலில் அப்படிக் கூப்பிட்ட எனக்குத்தான் வாய் வரவில்லை.

மழைக்கு முந்தின ஒரு காலையில், பின்னால் வழுக்கிக்கொண்டே வந்து நிறுத்த முடியாமல் நேராக அவள்மேல் போய் விழுந்தேன். என் ஷூ அவள் முழங்கால் கவசத்தில் இடித்தது. கால் பட்டுவிட்டதே! யோசிக்கவில்லை. குனிந்து அவள் காலைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றப்போனேன். கையில் தடித்த கையுறை, முகத்தில் கம்பிவலை. கையுறை வலையில் இடித்து நின்றது. அவளும் யோசிக்காமல் குனிந்து, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று என் தோளைப் பிடித்தாள். பிறகு இருவருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு கோல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தாள். கோல் கம்பியில் துடைக்க என்ன இருக்கிறது? அந்த இருக்கட்டும் இருக்கட்டுமை வீட்டுக்கு எடுத்துப்போய், அன்று முழுக்க வேலை செய்துகொண்டே நினைத்துக்கொண்டிருந்தேன். சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அடுத்த நாள் நானே வாயைத் திறந்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு போனேன். அவளைப் பார்த்ததும் தொண்டையில் அந்த வாட்ஸ்அப் படம் வந்து நின்றுகொண்டது. அவள் ஏன் முதலில் பேசக்கூடாது? வயதில் மூத்தவள்தானே? சரி, நாளைக்கு என்று விட்டேன். நாளைக்கு என்ன, கையில் நாள் இல்லையா?

இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சொன்னதும் அதே வாட்ஸ்அப் குழுதான். மதுரையில் புதுக்கடை திறக்கிறார்கள், அண்ணன் குடும்பம் அங்கே குடிபோகிறது, அனைவரும் ஆசீர்வதிக்க வேண்டும். கீழே உறவினர்களின் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"இது எப்ப முடிவாச்சு?" என்று கணவரைக் கேட்டேன்.

"கடை விஷயம் ஆறு மாசமாப் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்."

"உங்க மதினி போறாகன்னு சொன்னீங்களா?"

"நீதானே அவங்க பேச்சையே எடுக்காதீங்கன்னு சொன்ன? அடுத்த வாரம் சாமான் ஏத்துறாங்க."

"சொல்லிட்டுப் போவாகளா?"

அவர் பேப்பரை மடித்து, மறுபடி விரித்தார். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. இந்த முறையும் வாட்ஸ்அப்தானா என்று வந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே ஒரு பயம் வந்துவிட்டது. அவள் பேசாமலே போய்விடுவாள். மதுரைக்குப் போனவள் கல்யாணம், காரியம் என்றுதான் வருவாள். வரும்போதெல்லாம் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அப்படியே இருவருக்கும் தலை நரைத்துவிடும். எனக்கு அவள் வேண்டும். கெட்ட கோபக்காரி நான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அவள் வேண்டும்.

ஐஸில் ஆடப்போகும் நாள் அந்த வாரக் கடைசியில் வந்தது. அவளுக்கு அதுதான் கடைசி ஆட்டம். பெங்களூரிலிருந்து எங்களைப் போலவே கற்றுக்குட்டிகளான ஒரு பெண்கள் குழு வருகிறது, மால் திறப்பதற்கு முன்னால் தளத்தை எங்களுக்கு விடுகிறார்கள். வேனில் போனோம். வெளியே வியர்வை வழியும் வெயில், மடியில் கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர்கள். மாமி குரங்குக் குல்லாயையே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "ஆத்துல தேடினேன், காசி யாத்திரைக்கு வாங்கினது கெடச்சுது" என்றாள்.

மூத்தவள் முன் சீட்டில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கடைசியில் வேறொரு பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றி, யாரிடமும் நீட்டாமல் சீட்டின் ஓரத்தில் வைத்தாள். "கருப்பட்டி போட்டது. குளிர் ஆகாதவங்க குடிக்கலாம்" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

"குடிக்கிறவங்க குடிச்சுக்குவாங்க" என்றேன் வேனின் கூரையைப் பார்த்து. எடுத்துக் குடித்தேன். மிளகு எனக்குப் பிடித்த அளவில் தூக்கலாக இருந்தது. மற்றவர்களுக்குப் போட்டது வேறு பிளாஸ்க். நன்றாக இருக்கிறது என்று சொல்ல அதைவிடச் சுலபமான நேரம் கிடைக்காது. சொல்லவில்லை. டம்ளரைத் துடைத்துத் திருப்பி வைத்தேன்.

ஐஸ் தளத்தின் கதவைத் திறந்ததும் மூச்சு புகையாக வந்தது. "யம்மாடியோவ்!" என்றாள் மீன்கடைக்காரி. "தெனிக்கும் மீனத்தான் ஐஸ்ல வெப்பேன். இன்னிக்கு என்னியே வெச்சுக்கினேன்." சக்கரத்தில் கற்றதெல்லாம் ஐஸில் பாதிதான் செல்லுபடி. அடியில் சக்கரத்துக்குப் பதில் கத்தி, கால் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. பெங்களூர்ப் பெண்களும் அதே மாதிரி விழுந்தார்கள் என்பதில் ஒரு ஆறுதல். இரண்டு பக்கமும் விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, எப்படியோ ஆட்டம் நடந்தது. மாமி ஒரு கோல் அடித்தாள். எப்படி அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. விழும்போது அவள் மட்டை பட்டுப் போயிற்று. குரங்குக் குல்லாயோடு அவளை நாங்கள் கட்டிக்கொண்டோம்.

அடுத்ததாக எங்கள் கோலுக்குள் ஒன்று விழுந்தது. சிவப்புச் சட்டைப் பெண் ஒருத்தி மூத்தவளுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வருகிறாள். எனக்கு நன்றாகத் தெரிகிறது, மூத்தவளுக்குத் தெரியாது. கத்தினேன். என்ன கத்தினேன்? "பின்னாடி ஒரு பொண்ணு வருதுன்னு யாராவது அவங்ககிட்ட சொல்லுங்கப்பா!" இவ்வளவு நீளத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் கோலும் போட்டு, கையையும் தூக்கி, சறுக்கி விழவும் விழுந்துவிட்டாள்.

இடைவேளையில் கோச் எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டாள். எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண், அன்றைக்கு எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "உங்க வீட்டுச் சண்டை எனக்குத் தெரியாதுக்கா, தெரியவும் வேணாம். ஆனா இங்க வாக்கியம் எல்லாம் பேச நேரம் கிடையாது. பேரு, பக்கம். ரெண்டு வார்த்தை. முடியாதுன்னா ஒருத்தர் வெளிய உக்காருங்க."

நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "வெளிய உக்கார முடியாது" என்றாள் மூத்தவள். "எனக்கும்" என்றேன். இருவரும் கோச்சிடம்தான் சொன்னோம்.

ஆட்டம் ஆளுக்கொரு கோலில் நின்றது. கடைசி நேரம். எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். மீன்கடைக்காரி விழுந்து கிடக்கிறாள், எழுந்திருக்கப் பார்க்கிறாள், மறுபடி விழுகிறாள். பக் வலது மூலையில் இருவர் காலுக்கடியில் சிக்கிக் கிடந்தது. மூத்தவள் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அது வெளியே தெறித்து இடது பக்கம் ஓடியது. அங்கே அதே சிவப்புச் சட்டை, தனியாக, மட்டையை ஓங்கிக்கொண்டு. மூத்தவளுக்கு அது தெரியாது. நடுவில் மலை மாதிரி நான்தானே நிற்கிறேன்.

அவளைப் பார்த்தேன். அத்தனை கட்டும் கவசமுமாக, குளிரில் மூக்கு சிவந்து, தப்பான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வாரம் போகப்போகிறவள்.

"அக்கா! இடது பக்கம்!"

தளம் முழுக்கக் கேட்டது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. அவள் சடாரென்று திரும்பினாள். இடது பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள். முழுக்க, முகத்தோடு, தோளோடு, கையிலிருந்த மட்டையை மறந்து திரும்பினாள். அந்தப் பக்கம் பக் அவளைத் தாண்டி நிதானமாகக் கோலுக்குள் போய்ச் சேர்ந்தது.

விசில் ஊதினார்கள். பெங்களூர்ப் பெண்கள் குதித்தார்கள், குதித்தவர்கள் விழுந்தார்கள். "யக்கோவ், கோலு பூட்ச்சு!" என்று மீன்கடைக்காரி படுத்தபடியே கத்தினாள். கோச் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் எதையும் பார்க்கவில்லை. முட்டியாலேயே என் பக்கம் நகர்ந்து வந்தாள். முகத்துக் கம்பிவலையை மேலே தள்ளினாள். கண் நிறைந்திருந்தது.

"ஏட்டி, என்ன சொன்ன?"

"இடது பக்கம்னு சொன்னேன். பாத்திருந்தா பிடிச்சிருக்கலாம்ல?" என்றேன். எனக்கும் குரல் உடைந்துகொண்டிருந்தது.

"இடது பக்கம் கெடக்கட்டும். அதுக்கு முன்ன ஒண்ணு சொன்னியே, அதச் சொல்லு."

சொன்னேன்.